சலங்கை கட்டுமுன்: காரைக்காலில் அன்றும் இன்றும்

விஜயதசமி நெருங்கும்போது காரைக்காலில் பெண் குழந்தை உள்ள வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: “பிள்ளையை எந்த டான்ஸ் கிளாஸ்ல சேக்குறது?” பாரதியார் வீதியிலும் திருநள்ளாறு சாலையிலும் மின்கம்பங்களில் கட்டிய பலகைகள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பரதம், வெஸ்டர்ன், சினிமா டான்ஸ், பெரியவர்களுக்கு ஜூம்பா. கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று சுற்றியுள்ள ஊர்களுக்கும் வகுப்புகள் வந்துவிட்டன. மாலை ஐந்தரை மணிக்கு இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிய சிறுமிகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அம்மாக்கள் போவது தினசரிக் காட்சி.

எண்பது, தொண்ணூறு வருஷங்களுக்கு முன் இதே ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆட்டம் சில குடும்பங்களுக்குப் பிறப்போடு வந்தது. மற்றக் குடும்பங்களுக்கு அது வீட்டு வாசலுக்குள் வரக்கூடாத விஷயம். முதல் வகைக் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. இரண்டாம் வகைக் குழந்தைக்கு வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை. இன்றைக்குக் கடையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள், மீனவர் தெருவிலிருந்து ஒரு பிள்ளை, வங்கி மேலாளரின் மகன் மூவரும் ஒரே வரிசையில் முழங்கால் மடித்து அரைமண்டியில் நிற்க முடிகிறது. அந்தக் காலத்தின் பெருமைகளைச் சொல்லப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பெருமை சின்னதல்ல. காரைக்காலை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே மயிலாடுதுறைப் பக்கம் வழுவூர். அதைத் தாண்டினால் திருவாளப்புத்தூர், பந்தநல்லூர். காவிரிக்கரையோடு போனால் திருவிடைமருதூர். அப்புறம் தஞ்சாவூர். இன்று உலகம் முழுக்கப் பரதநாட்டியம் என்று எதை ஆடுகிறார்களோ, அதன் வேர் ஏறக்குறைய முழுதும் இந்த வட்டத்துக்குள் இருக்கிறது. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய்த் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையான காலத்தையொட்டி வாழ்ந்தவர்கள். அந்த மரபில் வந்தவர்தான் 1869-ல் பிறந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. வழுவூரிலிருந்து ராமையா பிள்ளை சென்னைக்குப் போய்க் குமாரி கமலாவை உருவாக்கினார். கமலாவும் மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பிறந்தவர்தான்.

காரைக்கால் இந்தப் பூமியின் நடுவில் இருந்தும் சட்டத்தால் தனித்து நின்ற ஊர். 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் வரை அவர்கள் கையில் இருந்தது. 1947-ல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்துச் சட்டம் போட்டபோது, அது மாகாணத்துச் சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. எல்லைதான் வேறு, ஆட்டமும் மேளமும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம் என்றால், ஆட்டத்துக்குரியது சின்ன மேளம். திருநள்ளாற்றுக்குச் சனி பகவானை நினைத்து வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தக் கோயில் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. அங்கே தியாகராசர் ஆடுவது உன்மத்த நடனம். திருவாரூரில் ஒரு நடனம், நாகையில் ஒன்று, திருநள்ளாற்றில் இன்னொன்று என்று சுவாமிக்கே ஊருக்கு ஒரு ஆட்டம் வைத்த பூமி இது.

இந்தப் பக்கத்து ஆட்டத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றியும் பார்த்திருக்கிறார்கள். 1838-ல் கடலூரை ஒட்டிய திருவஹீந்திரபுரத்துத் தேவதாசிகளை ஒரு பிரெஞ்சு வியாபாரி பாரிஸுக்கு அழைத்துப் போனார். அமனி என்ற பெண்ணின் ஆட்டத்தில் பாரிஸ் மயங்கியது. பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலத்தில் உருவம் செய்தார். அந்தக் குழுவில் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாள். அவளிடம் யாரும் போக விருப்பமா என்று கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைய குழந்தைக்குப் பாடம் காதிலிருந்துதான் ஆரம்பித்தது. வீட்டுத் திண்ணையில் தட்டுக்கழிச் சத்தம், கூடத்தில் அக்காவோ சித்தியோ ஆடும் சத்தம். நடக்கத் தெரியும் முன்னே ஆட்டத்தின் தாளச் சொற்களான சொல்லுக்கட்டு தெரியும். ஐந்து வயதில், ஏழு வயதில் ஆட்டம் சொல்லித்தரும் நட்டுவனார் முன்னால் நிறுத்துவார்கள். நடனமணி பாலசரஸ்வதிக்குக் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தபோது வயது ஏழு, அது 1925. வாத்தியார் முதலில் பிள்ளையைப் பார்ப்பார். முழங்கால் வெளிப்பக்கம் திரும்புகிறதா, முதுகு நிமிர்ந்து நிற்கிறதா, கண் பேசுகிறதா, கழி நின்றபிறகும் காலில் தாளம் ஓடுகிறதா என்று பார்ப்பார். பிடிக்காவிட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார். பணக்காரர் வீடு, பெரிய மனிதர் சிபாரிசு என்பதெல்லாம் அவரிடம் சுலபத்தில் செல்லாது. ருக்மிணி தேவி போன்ற ஒருவர் வந்து கேட்டபோதே மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார். வயது முப்பதை எட்டிய பெண், வேறு குலம், வேறு வாழ்க்கை. இந்த உடம்பு வளையுமா என்ற தயக்கம் ஒரு வாத்தியாருக்கு நியாயமானதுதான். பிறகு சொல்லிக்கொடுத்தார். 1935-ல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறினார். மறு வருஷம் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. அதற்கு முன்பே, 1931-ல், மியூசிக் அகாடமி திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை மேடையேற்றியிருந்தது. சதிர் என்று ஒதுக்கியதைப் பரதநாட்டியம் என்று சபா ஏற்றுக்கொண்ட காலம் அது.

சபா ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆடியவர்களை அதே அளவு ஏற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கலையின் அன்றைய காலத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. டெல்டாவின் நட்டுவனார் வீடுகளிலிருந்து கழி சென்னைக்குப் போனது. வாத்தியார்களும் பின்னாலேயே போனார்கள். ஆடிய பெண்களின் மகள்கள் பெரும்பாலும் ஆட்டத்தை விட்டார்கள், அல்லது விடச் செய்யப்பட்டார்கள். ஊரில் மிச்சமிருந்தது வெறும் திண்ணை. இன்றைக்குக் காரைக்காலில் பரதம் சொல்லித்தரும் இளம் ஆசிரியைகளில் பலர் சென்னையிலோ திருவையாற்றிலோ புதுச்சேரியிலோ படித்து வந்தவர்கள், அல்லது அப்படிப் படித்தவர்களிடம் படித்தவர்கள். நம் மண்ணிலிருந்து போனது சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

போனவர்களில் காரைக்கால்காரர் ஒருவரை இந்த ஊர் போதுமான அளவு நினைப்பதில்லை. கே. ஜே. சரசா. காரைக்காலில் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்று, சென்னையில் வாத்தியாராக நிமிர்ந்தவர். நட்டுவாங்கம் என்றால் ஆண் என்றிருந்த காலத்தில் கையில் தாளத்தை எடுத்து மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்த முன்னோடிப் பெண்களில் ஒருவர். 1960-ல் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் ஒரு பள்ளிச் சிறுமிக்கு அரங்கேற்றம் செய்துவைத்தார். சிவாஜி கணேசன் தலைமை தாங்கிய அந்த அரங்கேற்றத்தில் ஆடிய சிறுமி ஜெயலலிதா. சரசா 2012-ல் காலமானார்.

சரசாவின் கையில் இருந்த தாளத்துக்கு ஊரில் இன்னும் பழைய முன்னுதாரணம் உண்டு. காரைக்கால் அம்மையாரின் சோழர் காலச் செப்புத்திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்பு தெரியும் மேனி, வற்றிய மார்பு, கையில் தாளம். திருவாலங்காட்டில் இறைவன் ஆட, காலடியில் அமர்ந்து இந்த ஊர்ப் பெண் தாளம் போடுகிறாள். மாங்கனித் திருவிழாவில் மாம்பழத்தை வீசிப் பிடிக்கிறோம், அம்மையாரான புனிதவதியின் கல்யாணக் கதையைச் சொல்கிறோம். அவள் கையில் இருக்கும் தாளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இந்தப் பழைய காலத்துக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி. எங்கள் தலைமுறையில் நடனம் என்றால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு கோலாட்டம், ஒரு கும்மி, தைரியமான டீச்சர் இருந்தால் ஒரு சினிமாப் பாட்டு. பரதம் கற்ற பெண் ஊருக்கு ஒருத்தி இருந்தால் அதிகம். அப்புறம் தொலைக்காட்சி வந்தது, நடனப் போட்டிகள் வந்தன, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்து ஆடிக்காட்டினார்கள். காரைக்காலுக்குப் பாரிஸ் உறவு இன்றும் விட்டுப்போகவில்லை. அங்கே இருக்கும் பேத்தி குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருந்துகொண்டு ஆன்லைனில் இங்குள்ள மிஸ்ஸிடம் அடவு கற்கிறாள். ஐந்து வருஷ அடிப்படையை நேரில் முடித்த பிள்ளைக்கு ஆன்லைன் உதவும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குத் திரைக்குள்ளிருந்து முழங்காலைத் திருத்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய வகுப்பு எப்படி இருக்கிறது? அண்மையில் ஒரு வகுப்பில் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு நீள அறை. தரையில் பளபளக்கும் டைல்ஸ். ஆனால் ஆடும் இடத்தில் மட்டும் ஆசிரியை ரப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் மெல்லிய பலகை பரப்பியிருந்தார். பதினைந்து, இருபது பிள்ளைகள். தட்டடவு. ஆசிரியை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடிக்கு முன்னால் தட்டுமனையை வைத்துக் கழியால் தட்டினார். “தெய்யா தெய்” முதல் காலத்தில் போனது. மெதுவாக. எனக்கே பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக. பின் வரிசையில் ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு தட்டுக்கும் அரைமண்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துகொண்டே வந்தாள். எட்டாவது தட்டில் ஏறக்குறைய நின்றுவிட்டாள். ஆசிரியை கழியை நிறுத்தவில்லை. இடது கையால் ஜாடை காட்டினார். அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். வகுப்பு முடியும்வரை அதே அடவுதான். இரண்டாம் காலத்துக்குப் போகவே இல்லை. வாசலில் ஒரு அம்மா கேட்டார், “ஏங்க மிஸ், நாட்டியாஞ்சலிக்கு ஏத்திடுவீங்களா?” ஆசிரியை சிரித்துக்கொண்டே, “மொதல்ல உக்காரட்டும்மா, அப்பறம் ஏத்தலாம்” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அங்கே பிள்ளையைச் சேர்க்கலாம்.

வேறு விதமான வகுப்புகளும் இருக்கின்றன. ஸ்பீக்கரில் பதிவுசெய்த பாட்டு, முன்னால் நின்று ஒருவர் ஆடிக்காட்டுவார், பின்னால் முப்பது பேர் பார்த்து ஆடுவார்கள். கழி இல்லை, சொல்லுக்கட்டு இல்லை. மூன்றே மாதத்தில் பிள்ளை ஒரு பாட்டுக்கு ஆடிவிடும். வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். பாட்டை மாற்றினால் அந்தப் பிள்ளைக்குக் கால் வராது. பதிவுசெய்த தாளம் ஒருபோதும் பிள்ளைக்காகக் காத்திருக்காது. கழி பிடித்த கை காத்திருக்கும். வேகமான பிள்ளைக்கு வேகம் கூட்டும், திணறும் பிள்ளைக்குக் குறைக்கும். நல்ல வகுப்பையும் மற்றதையும் பிரித்துக் காட்ட இந்த ஒன்று போதும்.

தரையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. நட்டுவனார் வீட்டுக் கூடம் மண்தரை, சாணம் மெழுகியது, அல்லது சுண்ணாம்புக் காரை போட்டது. வெறுங்காலால் ஓங்கித் தட்டினால் மண்தரை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கான்கிரீட்மேல் ஒட்டிய டைல்ஸ் ஒன்றையும் வாங்கிக்கொள்ளாது. தட்டிய வேகம் முழுதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் திரும்புகிறது. அதோடு அரைமண்டியில் தொடையை இடுப்பிலிருந்து திருப்பாமல் பாதத்தை மட்டும் திருப்பி நின்றால் முழங்கால் உள்ளே சாயும். வளரும் பிள்ளை அந்த நிலையில் வருஷக்கணக்கில் தட்டினால் பதினைந்து வயதில் முட்டிவலி என்று வருவதில் வியப்பில்லை. முழங்கால் பாதவிரல்களுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க உங்களுக்கு நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். நாலு வயதில் சேர்க்க அவசரப்படவும் வேண்டாம். ஆறு, ஏழு வயதுக்கு முன் பிள்ளைகள் தாளத்துக்குக் கைதட்டினால், கும்மியடித்தால் போதும்.

அன்றும் வகுப்பில் கண்டிப்பு இருந்தது. புளியங்குச்சி இருந்தது. அடித்தால்தான் அடவு வரும் என்று நம்பினார்கள். அதைப் பெருமையாகச் சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. குருபக்தி என்ற பெயரில் வாயை மூடவைத்தது என்னென்ன மறைத்ததோ. 2023-ல் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லை என்று புகார் சொல்லி வளாகத்திலேயே போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். நாடறிந்த நிறுவனத்திலேயே பிள்ளைகள் போராடிச் சொன்னால்தான் கேட்கவைக்க முடிந்தது. நம் ஊரின் சிறிய வகுப்புகளில் யார் கேட்பது? பெற்றோர்தான். கதவு திறந்திருக்கிறதா, உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா, தனியாக ஒரு பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா, தொட்டுத் திருத்தும்போது கேட்டுத் தொடுகிறார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்ல ஆசிரியர் யாருக்கும் கோபம் வராது.

இன்னொரு மாற்றம் மேடை. முன்பு அரங்கேற்றம் வாத்தியார் தீர்மானிப்பது. அவர் சரி என்கிறவரை சலங்கை பெட்டியில் இருக்கும். இப்போது மேடைகள் நிறைய. சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலியைப் பார்த்து மயிலாடுதுறை, நாகை, திருநள்ளாறு என்று சிவராத்திரிக்குப் பல கோயில்களில் மேடை போடுகிறார்கள். பிள்ளை கோயிலில் ஆடுவது நல்லதுதான். ஒருகாலத்தில் எந்த இடத்தில் ஆட்டம் இருந்ததோ அங்கே எல்லாப் பிள்ளைகளும் போய் ஆடுவதை நான் வரவேற்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டில், 2010-ல், ஆயிரம் பேர் சேர்ந்து ஆடியது நம் டெல்டாவுக்கு ஒரு கௌரவம். கவலை தருவது சாதனைப் புத்தகத்துக்காக நடத்தும் கூட்டங்கள். 2024 டிசம்பரில் கொச்சியில் பதினோராயிரத்துக்கும் அதிகமானோரைக் கின்னஸுக்காக ஆடவைத்தார்கள். மேடையிலிருந்து விழுந்து எம்.எல்.ஏ. ஒருவருக்குக் கடுமையான காயம். பிள்ளைகளிடம் வாங்கிய கட்டணத்தையும் சேலைக்கு வாங்கிய விலையையும் பற்றிப் பெரிய சர்ச்சை. அப்படிப்பட்ட கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் பிழையை யாரும் பார்க்கப் போவதில்லை, திருத்தப் போவதுமில்லை. ஒரு சான்றிதழும் ஒரு ஷீல்டும் வீட்டுக்கு வரும். கட்டணம், உடை, நகை, மேக்கப், பயணம் என்று செலவும் வரும்.

அரங்கேற்றமே இன்று லட்சங்களில் நடக்கிறது. மண்டபம், பக்கவாத்தியக் கலைஞர்கள், விருந்து, நினைவுப்பரிசு. கல்யாணத்துக்கு முன் ஒரு கல்யாணம் என்று சில வீடுகளில் பயந்துபோய்ப் பிள்ளையை வர்ணம் கற்கும்முன்னே நிறுத்திவிடுகிறார்கள். அரங்கேற்றம் செய்யாவிட்டால் கற்றது வீண் என்று யார் சொன்னது? ஊர்க்கோயிலில், மாங்கனித் திருவிழா மேடையில், ஒரு தாளம், ஒரு மிருதங்கம், ஒரு பாட்டு வைத்து ஆடி முடித்தால் அதுவும் அரங்கேற்றம்தான். பணம் தடையாக இருக்கும் வீட்டுக்கு ஒரு தகவல்: சீர்காழியிலும் திருவாரூரிலும் தமிழ்நாட்டு அரசின் இசைப்பள்ளிகள் பரதமும் சொல்லித்தருகின்றன. கல்லூரி வயதில் முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது.

பரதம்தான் ஆட வேண்டும் என்பதில்லை. சினிமாப் பாட்டுக்கு ஆட ஆசைப்படும் பையனை இழுத்துக்கொண்டுபோய் அரைமண்டியில் உட்காரவைப்பது, அன்று வேண்டாம் என்ற பெண்ணை ஆடவைத்ததற்குச் சமம். அவனுக்கும் நல்ல தரை, நல்ல ஆசிரியர், திறந்த கதவு வேண்டும். ஆண் பிள்ளை பரதம் கேட்டால் சிரிக்காதீர்கள். இந்தக் கலையைக் காத்துத் தந்த நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள்தான்.

அன்று வாத்தியார் பிள்ளையைச் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். இன்று யார் போய்க் கட்டணம் கட்டினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். சோதிக்கும் வேலை பெற்றோர் தலையில் விழுந்திருக்கிறது, அதை நாம் செய்வதில்லை. பலகையைப் பார்க்கிறோம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்க்கிறோம். இந்த விஜயதசமிக்குப் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் காரைக்கால் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: தட்சிணைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைக்கும் முன் ஒரு வகுப்பில் தொடக்கம் முதல் கடைசிவரை உட்காருங்கள். முன் வரிசையில் நன்றாக ஆடும் பிள்ளையை விட்டுவிட்டுப் பின் வரிசையில் திணறும் பிள்ளையைப் பாருங்கள். ஆசிரியர் அவளிடம் எப்படி நடந்துகொள்கிறாரோ அப்படித்தான் உங்கள் பிள்ளையிடமும் நடந்துகொள்வார். உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.